ரெண்டு வார்த்தை சொல்ல எத்தனை வாட் வேணும்?

மைக் டெஸ்டிங்… ஒன், டூ, த்ரீ… கேக்குதா?

இந்த வாரம் மேட்டர், ரேடியோ. ‘உங்களுக்கு எந்தப் பாட்டு வேணும்?’னு கொஞ்சிக் கேக்குற எஃப்.எம். இல்லீங்க. ட்ராஃபிக் போலீஸ்காரர் தோள்ல தொங்கிக்கிட்டு கரகரன்னு பேசுமே, அந்த வயர்லெஸ்!

இதை ஆரம்பிச்சு வெச்சது ஒரு தம்பி. ஊர் திருவரங்குளம். தினமும் பஸ் பிடிச்சு புதுக்கோட்டைக்கு வந்து இ.சி.இ. மூணாவது வருஷம் படிக்கிறார். ஆலங்குடி பஸ்ல எனக்குப் பக்கத்து சீட். பேச்சு இன்டர்னல் மார்க்ல ஆரம்பிச்சு, அரியர்ல கொஞ்ச நேரம் நின்னு, திடீர்னு வேற ரூட்ல திரும்பிடுச்சு.

“அண்ணே, 50 வாட் வயர்லெஸ் செட் ஒண்ணு வாங்கி வீட்டு மாடியில வெச்சா, ஆலங்குடி வரைக்கும் பேசலாமா?”

“கையில செல்போன் இருக்கு. அப்புறம் எதுக்கு தம்பி அது?”

“செல்போன் இல்லாதப்பண்ணே…” என்றவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கிட்டே சொல்ல ஆரம்பிச்சார்.

2018 நவம்பர் 16. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறின ராத்திரி. தம்பி அப்போ ஏழாவது படிச்சுக்கிட்டு இருந்தார். விடிஞ்சு பார்த்தா கரன்ட் இல்லை, செல்லுல சிக்னல் இல்லை, ரோட்டைக் காணோம். எல்லாம் மரம். இவரோட அத்தை வீடு ஆலங்குடியில. மொத்தமே பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர். அவங்க என்ன ஆனாங்கன்னு இவங்களுக்குத் தெரியலை, இவங்க என்ன ஆனாங்கன்னு அவங்களுக்குத் தெரியலை. அப்பா சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். விழுந்து கிடந்த மரத்துக்கு மேல எல்லாம் சைக்கிளைத் தூக்கித் தூக்கி வெச்சு, மத்தியானத்துக்கு மேலதான் போய்ச் சேர்ந்தார். வாசல்ல நின்னு சொன்னது ரெண்டே வார்த்தை: “உயிரோட இருக்கோம்.” ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுட்டு, அதே வழியில திரும்ப வந்தார்.

“ரெண்டு வார்த்தை சொல்ல ஒரு நாள் ஆச்சுண்ணே. அதான் கேக்குறேன், 50 வாட் போதுமா?”

கேள்வி சூப்பர். ஆனா, ‘எத்தனை வாட்?’ங்கிறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி வேற ஒண்ணு இருக்கு. வாங்க, பார்த்துடலாம்.

டவர் ஏன் படுத்துச்சு?

செல்போன் தன்னால பேசாது. அது பக்கத்து டவர்கிட்ட பேசும். டவர், ஃபைபர் கேபிள் வழியாவோ மைக்ரோவேவ் டிஷ் வழியாவோ பெரிய நெட்வொர்க்கோட பேசும். இதுல ஒரு கண்ணி அறுந்தாலும் மொத்த சங்கிலியும் காலி. கரன்ட் போனா டவர் பேட்டரியிலயும் டீசல் ஜெனரேட்டர்லயும் கொஞ்ச நேரம் ஓடும். டீசல் கொண்டு வர ரோடு வேணும். ரோட்டுல மரம் கிடக்கு. கஜாவுல டெல்டா மாவட்டங்கள், புதுக்கோட்டை எல்லாம் சேர்த்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்துச்சு. பல கிராமங்களுக்குக் கரன்ட் வரவே வாரக்கணக்குல ஆச்சு. அப்புறம் டவர் எங்கே பேசும்?

ரெண்டு வயர்லெஸ் செட் இருந்தா, நடுவுல யாரும் வேண்டாம். இது வாயைத் திறந்தா அது காதைத் திறக்கும். 2004 டிசம்பர்ல சுனாமி அந்தமானைப் புரட்டிப் போட்டப்போ, பாரதி பிரசாத்ங்கிற அமெச்சூர் ரேடியோ ஆர்வலர் தன்னோட குழுவோட போர்ட் பிளேர்ல இருந்தார். போனது என்னவோ உலகம் முழுக்க இருக்கிற ரேடியோ நண்பர்களோட பேசிப் பார்க்கிற ஒரு பயணமாத்தான். சுனாமி வந்ததும் அதே செட்டுகள் உறவுகளைத் தேடுறவங்களுக்குத் தகவல் சொல்லும் நிலையமா மாறிடுச்சு. அது வானத்துல பட்டுத் திரும்புற ஷார்ட்வேவ். ஆயிரம் கிலோமீட்டருக்கு அது சரி. திருவரங்குளத்துல இருந்து ஆலங்குடிக்கு? அதுக்கு வி.எச்.எஃப். வேணும். அமெச்சூர்களுக்கு இந்தியாவுல கொடுத்திருக்கிற 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், அதாவது ‘2 மீட்டர் பேண்ட்’.

வாட்டை விடுங்க, உயரத்தைப் பாருங்க!

வி.எச்.எஃப். அலை கிட்டத்தட்ட வெளிச்சம் மாதிரி. நேரா போகும். பூமி உருண்டை. அதனால ஒரு இடத்துக்கு மேல அலை தரையை விட்டு மேல போயிடும். அந்த எல்லையைக் கணக்குப் போட ஈஸியா ஒரு ஃபார்முலா இருக்கு. ஆண்டெனா உயரத்தை மீட்டர்ல எடுத்துக்குங்க. அதோட வர்க்கமூலத்தை 4.12-ஆல பெருக்குங்க. விடை கிலோமீட்டர்ல வரும்.

காருக்கு மேல இருக்கிற ஆண்டெனா தரையில இருந்து ஒண்ணரை மீட்டர்னா, எல்லை 5 கிலோமீட்டர். எதிர்ல இன்னொரு காருக்கும் 5. ஆக ரெண்டும் சேர்த்து 10. இது பொட்டல் காட்டுக் கணக்கு. நம்ம ஊருல முந்திரித் தோப்பும் தைலமரக் காடும் தென்னந்தோப்பும் நடுவுல நிக்கும். இலையில இருக்கிற ஈரம் அலையை உறிஞ்சும். நிஜத்துல பாதி கிடைச்சாலே பெரிய விஷயம்.

சரி, வாட்டை ஏத்தினா? 5 வாட்டை 50 ஆக்கினா எல்லைக்கு உள்ள சத்தம் தெளிவாகும், தோப்பைக் கொஞ்சம் துளைக்கும். ஆனா எல்லைக்கோடு அப்படியே இருக்கும். பள்ளத்துல நின்னுக்கிட்டு எவ்வளவு பெரிய டார்ச் அடிச்சாலும் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குத் தெரியுமா? டார்ச்சைத் தூக்கிக்கிட்டு மரத்து மேல ஏறணும்!

இப்போ 15 மீட்டர் உயரத்துல ஆண்டெனா வைங்க. ஊர்த் தண்ணி டேங்க் உயரம்னு வெச்சுக்கலாம். அதோட எல்லை 16 கிலோமீட்டர். கார் எல்லை 5. கூட்டினா 21. புதுக்கோட்டை, ஆலங்குடி ரெண்டும் உள்ளே! 30 மீட்டர் டவர்னா 22-ம் 5-ம் 27. கணக்குப்படி அறந்தாங்கி ஓரம் வரைக்கும் எட்டும்.

ஒண்ணு கவனிச்சீங்களா? உயரத்தை ரெண்டு மடங்கு ஆக்கியும் தூரம் ரெண்டு மடங்கு ஆகலை. வர்க்கமூலத்தோட வேலை அது. தூரத்தை டபுள் ஆக்கணும்னா உயரத்தை நாலு மடங்கு ஆக்கணும். அதனாலதான் விவரமானவங்க டவர் கட்டாம மலையைத் தேடிப் போறாங்க. கொடைக்கானல் மாதிரி 2,000 மீட்டர் உசரத்துல வெச்சா கணக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டும். புதுக்கோட்டையே எல்லைக்குள்ள வந்துடும்! ஆனா கணக்கை நம்பி உடனே விசில் அடிக்காதீங்க. நடுவுல சிறுமலை மாதிரி ஒரு மலை குறுக்கே நிக்கும். ஃபார்முலாவுக்கு சிறுமலை தெரியாது, அலைக்குத் தெரியும்.

ரிப்பீட்டர்னா… உசரத்துல உக்காந்திருக்கிற காது!

திருவரங்குளத்துல ஒரு கார், ஆலங்குடியில ஒரு கார். ரெண்டும் நேரா பேச முடியலை. ரெண்டுக்கும் நடுவுல உசரத்துல ஒரு ஆளை உக்கார வெச்சா? இவர் சொல்றதைக் கேட்டு அப்படியே அவர்கிட்ட உரக்கச் சொல்றதுதான் அவரோட வேலை. அந்த ஆள்தான் ரிப்பீட்டர்.

ஒரே ஃப்ரீக்வென்ஸியில ஒரே நேரத்துல கேக்கவும் பேசவும் முடியாது. அதனால ரெண்டு ஃப்ரீக்வென்ஸி. 2 மீட்டர் பேண்ட்ல ரெண்டுக்கும் இடையில வழக்கமா 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. உங்க செட்டுல ‘ஆஃப்செட்’னு ஒரு மெனு இருக்கே, அது இதுக்குத்தான். பட்டனை அழுத்தினா ஒண்ணுல பேசும், விட்டா இன்னொண்ணுல கேக்கும்.

கூடவே ‘டோன்’னு ஒண்ணு. உங்க பேச்சோட சேர்ந்து 67 ஹெர்ட்ஸ், 88.5 ஹெர்ட்ஸ்னு ஒரு மெல்லிய ரீங்காரம் போகும். அதுதான் கேட் பாஸ். அந்த ரீங்காரம் இருந்தாத்தான் ரிப்பீட்டர் கதவைத் திறக்கும். இல்லேன்னா எங்கேயோ ஓடுற மோட்டார் சத்தத்துக்கெல்லாம் கதவு திறந்துடும்.

புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு இங்கேதான். பட்டனை அழுத்தின அதே நொடியில பேச ஆரம்பிச்சுடுவாங்க. ரிப்பீட்டர் டோனைக் கேட்டு முழிச்சு எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் வேணும். அதுக்குள்ள முதல் வார்த்தை போயிடும். “உயிரோட இருக்கோம்”னு நீங்க சொல்வீங்க. அந்தப் பக்கம் “…இருக்கோம்”னு மட்டும் கேக்கும். யாரு, எப்படி, எங்கே? ஒண்ணும் புரியாது. அழுத்துங்க, ‘ஒன் தௌசண்ட்’னு மனசுக்குள்ள சொல்லுங்க, அப்புறம் பேசுங்க.

குழாய் ஸ்பீக்கர் பக்கத்துல ரகசியம்

கேக்குறதுக்கு ஈஸியா இருக்கு. அப்போ ரெண்டு பழைய செட்டை ஒயர் போட்டுச் சேர்த்தா ரிப்பீட்டர் ரெடியா? அங்கேதான் வில்லன் என்ட்ரி!

கோயில் திருவிழாவுல குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழ நின்னுக்கிட்டு, பக்கத்துத் தெருவுல இருந்து ஒருத்தர் கிசுகிசுக்கிறதைக் கேக்க முடியுமா? ரிப்பீட்டர் பண்றது அதைத்தான். அது 25 வாட்ல கத்துதுன்னு வெச்சுக்குங்க. அதே நேரத்துல அதோட ரிசீவர், மைக்ரோவோல்ட்ல அஞ்சுல ஒரு பங்கு இருக்கிற சிக்னலைத் தேடுது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 300 கோடி கோடி மடங்கு. எழுத்துப் பிழை இல்லீங்க, ‘கோடி’ ரெண்டு தடவைதான்!

தன்னோட சத்தத்துலயே தன் காது அடைச்சுப் போறதை ரேடியோக்காரங்க ‘டிசென்ஸ்’னு சொல்வாங்க. இதைத் தடுக்கத்தான் டூப்ளெக்ஸர். நீளமான டப்பாக்களை வரிசையா நிக்க வெச்ச மாதிரி இருக்கும். ஒவ்வொரு டப்பாவும் ஒரு ஃப்ரீக்வென்ஸியை உள்ளே விட்டு, இன்னொண்ணை வாசல்லயே நிறுத்திடும். மேல இருக்கிற ஸ்க்ரூவைச் சும்மா திருகிப் பார்க்கக் கூடாது. அதைச் சரியான மீட்டரோட உக்காந்து ட்யூன் பண்ணணும்.

டிசென்ஸ் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தூரத்துல இருந்து ஒரு வீக் சிக்னலை வரவெச்சு, ரிப்பீட்டரோட ட்ரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணிட்டு ரிசீவரை மட்டும் கேளுங்க. தெளிவா இருக்கா? இப்போ ட்ரான்ஸ்மிட்டரை ஆன் பண்ணுங்க. கரகரப்பு ஏறினா டிசென்ஸ்னு அர்த்தம். இந்த நிலைமையில வாட்டை ஏத்துறது தற்கொலைக்குச் சமம். கத்தக் கத்த காது இன்னும் அடைக்கும். ‘எல்லாருக்கும் கேக்குது, ஆனா யார் பேசுறதும் அதுக்குக் கேக்கலை’ங்கிற ரிப்பீட்டருக்கு ரேடியோக்காரங்க வெச்ச பேரு, முதலை. வாய் பெருசு, காது சின்னது. நம்ம காலேஜ்லயும் அப்படி ரெண்டு பேர் இருப்பாங்களே!

அதனாலதான் முதல் கேள்வி ‘எத்தனை வாட்?’ இல்லைன்னு சொன்னேன். ‘எவ்வளவு நல்லா கேக்குது?’ங்கிறதுதான் முதல் கேள்வி. சைக்கிள்ல போக வேண்டிய நிலைமையில இருக்கிற ஆள்கிட்ட இருக்கப் போறது தீர்ந்துபோற பேட்டரியோட ஒரு சின்னக் கையடக்க செட். அவரோட அஞ்சு வாட்டைக் கேக்குற காது மேல இருக்கணும்.

கேபிள் குடிச்ச கரன்ட்

செட்டுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ணிட்டு கேபிள்ல கஞ்சத்தனம் பண்றது நம்ம பழக்கம். கடையில விலை குறைவா கிடைக்கிற மெல்லிசு கேபிள், ஆர்.ஜி. 58. இதை 30 மீட்டர் டவருக்கு இழுத்தா 145 மெகாஹெர்ட்ஸ்ல சுமார் 6 டெசிபல் இழப்பு. நீங்க கீழ இருந்து 40 வாட் அனுப்பினா மேல போய்ச் சேர்றது 10 வாட். மிச்சம் 30 வாட்டை கேபிள் சூடாக்கிக் குடிச்சுடும். கொஞ்சம் தடிமனான ஆர்.ஜி. 213 போட்டா பாதிக்கு மேல போய்ச் சேரும்.

வர்ற சிக்னலுக்கும் இதே கதிதான். மேல ஆண்டெனா பிடிச்ச கிசுகிசுப்புல நாலுல ஒரு பங்குதான் கீழ வரும். அனுப்புறதுல போனதை வாட் ஏத்திச் சரிக்கட்டலாம். வர்றதுல போனது போனதுதான்.

இன்னொரு முக்கியமான விஷயம். மழைத் தண்ணி கேபிளுக்குள்ள போச்சுன்னா கதை முடிஞ்சது. கனெக்டரைச் சுத்தி ரப்பர் டேப்பை இறுக்கமாச் சுத்தணும். வீட்டுக்குள்ள நுழையற இடத்துக்கு முன்னால கேபிளைக் கீழ்ப்பக்கமா ஒரு வளைவு விடணும், தண்ணி அங்கேயே சொட்டிடும். இடிதாங்கி, எர்த் கண்டிப்பா வேணும். மின்கம்பி பக்கத்துல இருக்கிற இடத்துல கம்பம் நடவே கூடாது. டவர் ஏறுற வேலை அதுக்குப் பழகினவங்களோடது, நம்ம ஹீரோயிசம் அங்கே வேண்டாம்.

வண்டிக்கு வருவோம்

காருக்குள்ள உக்காந்து கையடக்க செட்ல பேசினா, நீங்க ஒரு இரும்பு டப்பாக்குள்ள உக்காந்து பேசுறீங்க. அலை ஜன்னல் வழியாத்தான் வெளியே போகணும். ஆண்டெனாவை வெளியே கொண்டுவந்தாலே பாதிப் பிரச்னை முடிஞ்சது.

எவ்வளவு நீளம்? 300-ஐ மெகாஹெர்ட்ஸால வகுங்க. 145-க்கு அலைநீளம் சுமார் 2.07 மீட்டர். அதுல கால் பங்கு 52 சென்டிமீட்டர் கிட்ட வரும். நிஜக் கம்பியில கொஞ்சம் குறைஞ்சு 49, 50-ல நிக்கும். டெய்லர் மாதிரி யோசிங்க. துணியை நீளமா விட்டு அப்புறம் வெட்டலாம், குறைச்சு வெட்டிட்டா ஒட்ட முடியாது. 53-ல ஆரம்பிச்சு, ரெண்டு மூணு மில்லிமீட்டரா நறுக்கி, ஒவ்வொரு தடவையும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பாருங்க.

மீட்டர் என்ன சொல்லும்? அனுப்பின பவர்ல எவ்வளவு திரும்பி வருதுன்னு சொல்லும். 1.5 காட்டினா 4 சதவீதம் திரும்புது, கவலையே வேண்டாம். 2 காட்டினா 11 சதவீதம், பரவாயில்லை. 3 காட்டினா 25 சதவீதம், செட்டுக்கே ஆபத்து, நிறுத்துங்க. ஆனா ஒரு சூட்சுமம் இருக்கு. மீட்டர்ல 1 காட்டுதுன்னு துள்ளிக் குதிக்காதீங்க. அலையை வெளியே விடாம சூடா மாத்திடுற டம்மி லோடுக்கும் மீட்டர் 1 தான் காட்டும்! மட்டமான நீளக் கேபிளும் திரும்பி வர்றதைக் குடிச்சுட்டு, எல்லாம் நல்லா இருக்கிற மாதிரி நடிக்கும். மார்க் ஷீட்டை மட்டும் பார்த்து ஆளை எடை போடக் கூடாதுன்னு சொல்வாங்கல்ல, அதேதான்.

கால் அலை ஆண்டெனாவுக்குக் கீழே ஒரு உலோகத் தளம் வேணும். அதுதான் அதோட இன்னொரு பாதி. கார் கூரையோட நடுவுல வெச்சா நாலு பக்கமும் அரை மீட்டர் தகடு கிடைக்கும். டாப் கிளாஸ்! பம்பர்ல வெச்சா ஒரு பக்கம் நல்லா பேசும், இன்னொரு பக்கம் மக்கர் பண்ணும். நம்ம ஊரு ஷேர் ஆட்டோ கூரை ரெக்சின். அதுல காந்தமும் ஒட்டாது, தளமும் கிடையாது. ஒரு இரும்புத் தகடை வெச்சு முடுக்கணும்.

‘எட்டுல அஞ்சு’ன்னு ஒண்ணே கால் மீட்டர் ஆண்டெனா ஒண்ணு இருக்கு. அது அலையைத் தரையோட தாழ்வா விரிக்கும். சமவெளிக்கு நல்லது. ஆனா லாபம் கம்மிதான். ஒண்ணு ரெண்டு டெசிபல் கிடைச்சா அதிகம். புளியமரக் கிளை தாழ்ந்து தொங்குற ரோட்டுல அரை மீட்டர் கம்பிதான் நாள்பட நிக்கும். கம்பி நேரா நிக்கணும். ரிப்பீட்டரோட ஆண்டெனாவும் நேரா நிக்குது. ஒண்ணு நின்னு இன்னொண்ணு படுத்துட்டா பாதிக்கு மேல சிக்னல் காணாமப் போயிடும்.

செட்டுக்குக் கரன்டை சிகரெட் லைட்டர்ல இருந்து எடுக்காதீங்க. நேரா பேட்டரியில இருந்து தடிமனான ஒயர், பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ். இல்லேன்னா ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க உங்க பேச்சுக்குப் பின்னால ‘ஙொய்ய்ய்’னு ஒரு பிஜிஎம் ஓடும்.

பஸ் ஸ்டாப் டெஸ்ட்

எல்லாம் மாட்டியாச்சு. நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்? அதுக்கு லேப் வேண்டாம். ஒருத்தர் ரிப்பீட்டர் பக்கத்துல உக்காரட்டும். இன்னொருத்தர் வண்டியில கைக்குறிச்சி, திருவரங்குளம், வம்பன், ஆலங்குடின்னு ஒவ்வொரு ஸ்டாப்லயும் நிறுத்தி ஒரே வாக்கியத்தைச் சொல்லட்டும். அஞ்சுக்கு எத்தனை மார்க்னு நோட்டுல எழுதுங்க. வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் பக்கத்துல 5 வந்து, அடுத்த தோப்புல 2-க்கு இறங்குதா? அதுதான் உங்க மேப். ஆண்டெனாவை ஒரு மீட்டர் ஏத்திட்டு மறுபடி போங்க. மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழை பெய்யறப்போ ஒரு தடவை. இலை நனைஞ்சா மார்க் மாறும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்தம் மட்டும் பண்ணுங்க. கேபிள், ஆண்டெனா, இடம் மூணையும் ஒண்ணா மாத்தினா எது காப்பாத்துச்சுன்னே தெரியாது.

பேட்டரி கணக்கும் பார்த்துடுங்க. 25 வாட் ரிப்பீட்டர் பேசுறப்போ சுமார் 6 ஆம்பியர், சும்மா கேக்குறப்போ அரை ஆம்பியர் எடுக்குதுன்னு வெச்சுக்குவோம். நாலுல ஒரு பங்கு நேரம் பேசினா, சராசரி ரெண்டு ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழ. ஒரு நாளைக்கு 45 ஆம்பியர் ஹவர். 100 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல காலி பண்ணக் கூடாது. ஆக, ஒரு நாள்தான் தாங்கும். ஆனா கரன்ட் வர வாரக்கணக்குல ஆச்சுன்னு பார்த்தோம். சோலார் பேனல் இல்லாத ரிப்பீட்டர், புயலுக்கு மறுநாளே மௌன விரதம் போயிடும். புயல் முடிஞ்ச கையோட வானம் மேகமா இருக்கும்ங்கிறதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

மேல பாரு மச்சி!

ரிப்பீட்டருக்கு உயரம்தான் முக்கியம்னா, ரொம்ப உயரமா ஒண்ணு வெச்சா? வெச்சாங்களே! 2005 மே 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து பி.எஸ்.எல்.வி. சி6 ராக்கெட்ல இஸ்ரோ அனுப்பின ஹாம்சாட், உலக அமெச்சூர் ரேடியோக்காரங்களுக்கான குட்டி செயற்கைக்கோள். எடை 42.5 கிலோதான். அதுல இருந்த ரெண்டு ட்ரான்ஸ்பாண்டர்ல ஒண்ணை இந்தியர்கள் பண்ணினாங்க. இன்னொண்ணைப் பண்ணினது யார் தெரியுமா? நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்! 2014 வரைக்கும் அது வேலை பார்த்துச்சு.

2020 செப்டம்பர்ல சர்வதேச விண்வெளி நிலையத்துலயும் ஒரு ரிப்பீட்டர் இயங்க ஆரம்பிச்சுது. 145.990 மெகாஹெர்ட்ஸ்ல கேட்டு 437.800-ல பேசும். 400 கிலோமீட்டர் உயரம். கேக்குறது ஒரு பேண்ட், பேசுறது வேற பேண்ட். அதனால ரெண்டும் சண்டை போடுறதும் குறைவு. கதவைத் திறக்கிற கேட் பாஸ்? நாம மேல பார்த்த அதே 67 ஹெர்ட்ஸ் டோன்தான்.

ஸ்டாப்! லைசென்ஸ் எங்கே?

“அப்போ இன்னைக்கே ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடவா அண்ணே?”ன்னார் தம்பி. அய்யய்யோ, பிரேக்!

வி.எச்.எஃப். செட்டை லைசென்ஸ் இல்லாம இயக்கினா அது சட்டப்படி குற்றம். போலீஸ், ஆம்புலன்ஸ், விமானம் எல்லாம் பக்கத்துப் பக்கத்து அலைகள்ல பேசிக்கிட்டு இருக்கு. உங்க விளையாட்டு ஒருத்தர் உயிரைத் தொடலாம். இப்படி விவரம் சொல்லாம வாக்கி டாக்கி வித்ததுக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல ஆன்லைன் கடைகளுக்கே நோட்டீஸ் விட்டுச்சு. 446 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல அரை வாட் வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம்னு 2018-ல விதி வந்துச்சு. என்.எஸ்.எஸ். கேம்ப்ல, கிரவுண்ட்ல பேச அது ஓகே. அதை ரிப்பீட்டரா மாத்தவும் வாட்டை ஏத்தவும் அந்தச் சலுகை கிடையாது.

முறையான வழி ஒண்ணு இருக்கு. மத்திய தொலைத்தொடர்புத் துறையோட டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்துற அமெச்சூர் ரேடியோ பரீட்சை. அடிப்படை எலெக்ட்ரானிக்ஸும் ரேடியோ விதிகளும்தான் சிலபஸ். இ.சி.இ. ஆளுங்களுக்கு செமஸ்டரை விட ஈஸி. ஹிஸ்டரி படிக்கிறவங்களும் எழுதலாம். பாஸ் பண்ணி லைசென்ஸ் வாங்கினா உங்களுக்குன்னு உலகத்துலயே ஒரே ஒரு கால்சைன் கிடைக்கும். ரிப்பீட்டர் வைக்கத் தனி அனுமதி வேணும். அதுக்கு ஒரு ஆள் போதாது, கிளப் வேணும்.

இந்த இடத்துலதான் காலேஜ் வருது. மொட்டை மாடி நம்மகிட்ட இருக்கு. வேலை செய்ய ஆள் இருக்கு. லேப்ல மீட்டர் தூங்குது. ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் காசு குடுத்து வாங்குற நேரத்துல, ஊருக்கு ஒரு காதை வெச்சுக் குடுக்கலாமே? ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. புயல் எச்சரிக்கை வந்த அப்புறம் பரீட்சைக்கு அப்ளிகேஷன் போட முடியாது.

திருவரங்குளம் ஸ்டாப் வந்துச்சு. தம்பி பையை மாட்டிக்கிட்டு எழுந்தார்.

“அண்ணே, அப்ப 50 வாட் வேண்டாமா?”

“அஞ்சு வாட் போதும் தம்பி. மேல கேக்க ஒரு ஆள் இருந்தா.”

இறங்கிக் கையைக் காட்டிட்டு, சினிமா போலீஸ் மாதிரி “ஓவர் அண்ட் அவுட்”னு கத்தினார். அதுவும் தப்பு ஃப்ரெண்ட்ஸ்! ‘ஓவர்’னா ‘நான் முடிச்சுட்டேன், இப்போ நீ பேசு’. ‘அவுட்’னா ‘பேச்சே முடிஞ்சுது’. ரெண்டையும் சேர்த்துச் சொல்ல முடியாது.

உங்க காலேஜ்ல கிளப் ஆரம்பிக்க எத்தனை பேர் ரெடி? எழுதுங்க, காதைத் திறந்து வெச்சிருக்கேன்.

ஓவர்!